ஆறப் பொறுத்தல்

வேலூர்ப் பக்கம் கண்ணாடிச் சிற்பம் என்று பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி “எத்தனை அடி?” என்பதுதான். ஓட்டல் வரவேற்பறைக்கு ஒன்று வேண்டும் என்பவரும் அதையே கேட்பார், கல்லூரி வாசலில் நிறுத்த வேண்டும் என்பவரும் அதையே கேட்பார். ராஜகோபுரத்தையும் கட்-அவுட்டையும் அடிக்கணக்கில் அளந்து பழகிய ஊர், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடியில் அடிக்கணக்கை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பதினைந்து அடி உயரத்துக்கு ஒன்றை ஒரே மாதத்தில் நிறுத்திவிடலாம். முழங்கால் உயரமே இருக்கிற இன்னொன்று நாலு மாதம் சூளைக்குள்ளேயே கிடக்கலாம். இரண்டையும் ‘பிரம்மாண்டம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதுதான் ரொம்ப நாளாக உறுத்துகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: “தடிமன் எவ்வளவு?”

அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியின் ‘ஃபியோரி தி கோமோ’வை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். லாஸ் வேகஸில் பெல்லாஜியோ ஓட்டலின் கூரையில் 1998 முதல் தொங்குகிறது. சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள். கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 18 டன், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் நாலரை டன். வகுத்துப் பார்த்தால் ஒரு பூ சராசரி 9 கிலோ. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குழலில் ஊதி விரித்தது. மெல்லிய சுவர் என்பதால் இன்று சாயங்காலம் ஊதி ஆற வைக்கும் அடுப்பில் அடுக்கினால் மறுநாள் கையில் எடுத்துவிடலாம். ஒன்று உடைந்தால் இன்னொன்று ஊதிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் அமெரிக்கச் சிற்பி ரோனி ஹார்னின் ‘பிங்க் டன்ஸ்’: இளஞ்சிவப்பில் ஒரே கட்டி, 4 டன்னுக்கு மேல், ஒரே வார்ப்பு. இந்த மாதிரி வார்ப்புகள் ஆறுவதற்கு மட்டும் மாதக்கணக்கு. கீறல் விழுந்தால் மொத்தமும் போச்சு.

என் கணக்கில் பெரிய கண்ணாடிச் சிற்பம் இரண்டாவதுதான். முதலாவதில் பெரிதாக இருப்பது சட்டமும் தொங்கவிடும் ஏற்பாடும். இதைச் சொன்னால் சிஹூலி ரசிகர்களுக்குக் கோபம் வரும். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. 1976இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் ஒரு கண் போயிற்று, 1979இல் தோள்பட்டை அடிபட்டு ஊதுகுழலைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அதற்கப்புறம் தான் ஊதாமல் ஒரு கூட்டத்தை வைத்து ஊதவைத்தார். அந்த வேலைமுறையிலிருந்து வளர்ந்ததுதான் ஆயிரம் துண்டு, இரண்டாயிரம் துண்டு என்ற அளவு. ராணிப்பேட்டையில் இரும்பு வெட்டி வெல்டிங் அடிக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. சட்டம் கட்டும் வகைச் சிற்பத்துக்கு இந்த வட்டாரம் நாளைக்கே தயார். கட்டியாக வார்ப்பதுதான் வேறு சமாச்சாரம்.

களி உருண்டை

“எங்க ஊர் வெயிலுக்குச் சூளையே வேண்டாம், பாலாத்து மணல் தானா உருகிடும்” என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வெயிலூர் என்ற பட்டப் பெயரை நாம்தானே வைத்துக்கொண்டோம். மணல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கண்ணாடிக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு சிலிக்கா வேண்டும். மீதியில் சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும். ஆற்றுமணலில் ஃபெல்ஸ்பாரும் இரும்பும் கலந்திருக்கும். கடையில் விற்கும் ஜன்னல் கண்ணாடியில் இரும்பு ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்குதான், அதற்கே ஓரத்தைப் பார்த்தால் பச்சை. அதே கண்ணாடியில் ஒரு அடி தடிமனுக்குக் கட்டி வார்த்தால் பாசி பிடித்த கிணறு மாதிரி இருக்கும். மணலிலிருந்து தொடங்கினால் 1,400 டிகிரிக்கு மேல் உலை வேண்டும். அதனால் சிற்பம் செய்கிறவர்கள் யாரும் மணலிலிருந்து தொடங்குவதில்லை. வார்ப்புக்கென்று உருக்கி வைத்த கண்ணாடிக் கட்டியை வாங்கி, அதை 830, 850 டிகிரிக்கு இளக்கி அச்சுக்குள் ஓடவிடுகிறார்கள். அந்தச் சூடு பெரிய சூடே அல்ல. சாதாரண மண்பாண்டச் சூளை இதைத் தாண்டும்.

சிக்கல் இறங்கும்போதுதான். கேழ்வரகுக் களியைக் கிண்டி உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே தோல் கட்டிவிடும். ஆறிவிட்டது என்று பிட்டால் உள்ளே கை சுடும். கண்ணாடியும் அப்படியே. வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பின் ஐம்பதில் ஒரு பங்கு கூடத் தேறாது. வெளித்தோல் ஆறி இறுகிவிடும், உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்ளே ஆற ஆறச் சுருங்கப் பார்க்கும், ஏற்கெனவே இறுகிய தோல் விட்டுக்கொடுக்காது. இந்த இழுபறி கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். களியாக இருந்தால் பிளந்துகொண்டு முடிந்தது. கண்ணாடி சில சமயம் சூளைக்குள்ளேயே பிளக்கும், சில சமயம் மேஜை மேல் ஒரு வருடம் அழகாக உட்கார்ந்திருந்து ஒரு ராத்திரி ‘டப்’பென்று போகும்.

எவ்வளவு மெதுவாக ஆற்ற வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் போர்ட்லாந்தின் புல்ஸ்ஐ கம்பெனி ஒரு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. வார்ப்பு வேலை செய்கிறவர்கள் சூளைப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். அவர்களுடைய கண்ணாடிக்கு அனீலிங் சூடு, அதாவது உள்ளே இருக்கும் இழுபறி தளரும் சூடு, 482 டிகிரி. மொத்தக் கட்டியும் அந்தச் சூட்டில் சமமாகும்வரை நிறுத்த வேண்டும், பிறகு 427 வரை ஒரு வேகம், 371 வரை ஒரு வேகம், அதற்குக் கீழே ஒரு வேகம். 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மொத்தம் 5 மணி நேரம். 25 மில்லிமீட்டருக்கு 14 மணி. 50க்கு 47 மணி. 100க்கு 170 மணி, அதாவது ஒரு வாரம். 200 மில்லிமீட்டருக்கு, ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள், 654 மணி நேரம். இருபத்தேழு நாள். தடிமன் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நாலு மடங்கு. இதில் இன்னொரு உள்குத்து: அந்த அட்டவணை மேலும் கீழும் சமமாக ஆறும் தட்டையான பலகைக்குப் போட்டது. தலை, கழுத்து, தோள் என்று தடிமன் மாறும் உருவமாக இருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டுமே ஆறும் என்றால், இருக்கிற தடிமனை இரட்டிப்பாக நினைத்து அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு சாண் தலை அப்போது மூன்றரை மாதம்.

அட்டவணையில் நீளமோ உயரமோ எங்குமே வராது. பத்தடி நீளப் பலகையும் ஒரு அடிப் பலகையும் ஒரே தடிமன் என்றால் ஒரே நேரம்தான். அடிக்கணக்கு கேட்பவரிடம் இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும்.

482லிருந்து 371 வரை

வார்ப்பின் தலைவிதி இந்த 111 டிகிரிக்குள்தான் இருக்கிறது. மேலே 850இல் கண்ணாடி தேன் மாதிரி. அங்கே எந்தத் தப்பும் தானாகச் சரியாகிவிடும். 800க்கும் 700க்கும் நடுவே மட்டும் தாமதிக்கக் கூடாது, மேற்பரப்பில் படிகம் கட்டிப் பால் மாதிரி மங்கிவிடும். அதைச் சட்டென்று தாண்டி 482க்கு வந்து நிற்க வேண்டும். ஒரு சாண் கட்டிக்கு அங்கே 32 மணி நேரம் நிறுத்தம். அதற்கப்புறம் மணிக்கு 0.23 டிகிரி. படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள்: ஒரு டிகிரி இறங்க நாலு மணி நேரத்துக்கு மேல். முதல் 55 டிகிரிக்கே பத்து நாள். சூளையின் சூட்டை ஏற்றி இறக்கும் கருவிதான் கன்ட்ரோலர். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் மணிக்கு ஒரு டிகிரிக்குக் கீழே வேகத்தைப் பதியவே முடியாது. ‘ஒரு டிகிரி இறக்கு, நாலு மணி இருபது நிமிடம் நில்’ என்று படிப்படியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் படி போதாது, பாதியில் தீர்ந்துவிடும். அதனால் கன்ட்ரோலர் வாங்கும்போதே எத்தனை படி ஏற்கும், தசமத்தில் வேகம் ஏற்குமா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்த ஏமாற்று, சூளைக்குள் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள். ஒன்றே ஒன்று, அதுவும் சூளையின் கூரையில். அது காட்டுவது காற்றின் சூட்டை. அச்சின் அடியில் என்ன சூடு என்பது அதற்குத் தெரியாது. பெரிய வார்ப்புக்குக் குறைந்தது மூன்று வேண்டும்: மேலே ஒன்று, பக்கத்தில் அச்சை ஒட்டி ஒன்று, அச்சுக்கு அடியில் ஒன்று. மூன்றுக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இறக்கத்தை நிறுத்திவிட்டு அது சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். அச்சை நேராகச் சூளைத் தரையில் வைக்காமல் இரண்டு அங்குலம் தூக்கிச் செங்கல் துண்டுகள் மேல் வைத்தால் அடியிலும் காற்று ஓடும். பாதி வித்தியாசம் அதிலேயே தீரும்.

அப்புறம் கரண்ட். தமிழ்நாட்டில் 2012 வாக்கில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த நிலைமை இல்லை, ஆனாலும் கோடை மழையில் மரம் விழுந்தால் ஒரு ராத்திரி போகும். இருபத்தேழு நாளில் ஒரு ராத்திரி போகாமலிருப்பது அதிர்ஷ்டம். கரண்ட் போனால் முதல் வேலை எதையும் செய்யாமலிருப்பது: கதவைத் திறக்காதே, எட்டிப் பார்க்காதே, புகைப்போக்கித் துளையை மூடு. செராமிக் ஃபைபர் மட்டும் வைத்துக் கட்டிய லேசான சூளை சீக்கிரம் சூட்டை இழக்கும். கனமான செங்கல் சூளைக்கு அதுவே ஒரு சேமிப்பு. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது தப்பு. மெதுவாக 482க்கு ஏற்றி, மறுபடி 32 மணி நேரம் நிறுத்தி, முதலிலிருந்து இறங்க வேண்டும். பத்து நாள் போனது போனதுதான். ஜெனரேட்டர் வாடகையை முதலிலேயே செலவில் சேர்க்காமல் பெரிய வார்ப்புக்கு விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

இந்தப் பொறுமைச் சோதனைக்குச் சிற்பக் கலைக்கு வெளியே ஒரு பெரிய கதை இருக்கிறது. பாலோமர் தொலைநோக்கிக்காக 200 அங்குலக் கண்ணாடி வட்டை அமெரிக்காவில் கார்னிங் கம்பெனி வார்த்தது. 1934 மார்ச்சில் ஊற்றிய முதல் வட்டில், பின்புறம் தேன்கூடு மாதிரிக் குழிவு வருவதற்காக அச்சுக்குள் பொருத்தியிருந்த கட்டைகளைப் பிடித்திருந்த இரும்பு போல்ட்டுகள் சூட்டில் அற்றுப்போய், கட்டைகள் மேலே மிதந்து வந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வேறு உலோகத்தில் போல்ட் செய்து இரண்டாவது வட்டை ஊற்றினார்கள். 20 டன் பைரெக்ஸ், சூட்டில் குறைவாக விரியும் கண்ணாடி வகை. மெதுவான கட்டத்தில் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று கிட்டத்தட்ட பத்து மாதம் ஆற்றினார்கள். நடுவில் 1935 ஜூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து, ஆற்றும் அடுப்புக்கான கரண்ட் சில நாள் நின்றது. வட்டு தப்பியது. அந்தத் தேன்கூட்டைக் கவனிக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்தைக் கட்டியாக வார்த்திருந்தால் எடையும் தாங்காது, ஆறவும் ஆறாது. பின்பக்கம் குடைந்ததால் எந்த இடத்திலும் கண்ணாடி அதிகத் தடிமனில்லை. அகலத்தை விட்டுக்கொடுக்காமல் தடிமனை மட்டும் குறைத்தார்கள்.

இதே சூட்சுமத்தைச் செக் நாட்டின் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா ப்ரிக்தோவா தம்பதி சிற்பத்தில் செய்தார்கள் என்பது என் எண்ணம். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியிலும் 1967 மான்ட்ரியல் கண்காட்சியிலும் உலகம் அவர்களுடைய வார்ப்புகளைப் பார்த்தது. பின்பக்கத்திலிருந்து உள்ளே குடைந்த வெற்றிடம்தான் அவர்களுடைய கைவரிசை. முன்னால் நிற்பவருக்கு அந்தக் குழிவு உருவமாகத் தெரியும், தடிமன் மெலிந்த இடத்தில் நிறம் வெளுத்து ஒளி கூடும், தடித்த இடத்தில் இருண்டு அடங்கும். விமர்சகர்கள் இதை ஒளியின் கவிதை என்று எழுதுவார்கள். இருக்கட்டும். சூளைக்காரன் பார்வையில் அது ஆற வைக்கும் கணக்கும்தான். அழகும் கணக்கும் ஒரே குழிவில் வந்து சேர்வதைப் போலக் கண்ணாடியில் வேறு எதுவும் மகிழ்ச்சி தருவதில்லை.

காவலூர் மலை மேல்

பெரிய ஒற்றைக் கண்ணாடியைப் பார்க்க நம் வட்டாரத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் குறுக்களவில் ஒன்று இருக்கிறது. வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தபோது அந்த இடம் பழைய வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வட்டு ஜெர்மனியின் ஷாட் கம்பெனியின் ஜெரோடூர் என்ற பொருள். கண்ணாடியும் நுண்படிகமும் கலந்தது, படிகமே ஏறத்தாழ முக்கால் பங்கு. சூடேறினால் கண்ணாடிப் பங்கு விரியும், படிகப் பங்கு சுருங்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டி மொத்தத்தில் அசைவே இல்லாத மாதிரி இருக்கும். பகல் வெயிலுக்கும் மலையின் ராத்திரிக் குளிருக்கும் நடுவே வடிவம் மாறக் கூடாது என்பதற்காக அது. சிற்பிகள் ஏன் இதில் வார்ப்பதில்லை என்று கேட்பதுண்டு. விலை ஒரு பக்கம். மஞ்சள் கலந்த தேநீர் நிறம் இன்னொரு பக்கம், வேறு நிறம் கேட்டால் கிடையாது. நம் கையில் கிடைக்கும் கண்ணாடி டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 9 பங்கு விரியும், பைரெக்ஸ் வகை 3 பங்கு சொச்சம். அந்த ஒன்பதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

இங்கே செய்வதென்றால்

ஒரு சாண் தடிமனில், தலை அளவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணில் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, மெழுகில் ஊற்றி எடுப்பது வெண்கல வார்ப்புக்காரர்களுக்குத் தெரிந்த வழிதான். மெழுகு உருவத்தை ஒரு அண்டாத் தண்ணீரில் முழுக்கி எவ்வளவு வழிகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் வழிந்தால் இரண்டரைக் கிலோ கண்ணாடி. 12 லிட்டர் என்றால் 30 கிலோ, வாய்க்குழிக்கும் கசிவுக்கும் பத்து சதவீதம் சேர்த்து 33. கருங்கல்லின் எடைதான் ஏறத்தாழ இதற்கும். ஒரு கனமீட்டர் இரண்டரை டன். கல்தச்சர்களின் செயின் பிளாக் கணக்கு அப்படியே உதவும்.

வெளி அச்சுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு, மாவாக அரைத்த சிலிக்கா ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, எல்லாம் எடைக்கணக்கில். சிலிக்கா மாவைக் கலக்கும்போது துணி கட்டினால் போதாது. நுண்தூசிக்கான மாஸ்க் இல்லாமல் பையைப் பிரிக்கவே கூடாது, கல்குவாரிக்காரர்களுக்கு வரும் நுரையீரல் நோய் இதிலும் வரும். முதல் பூச்சு விரலளவு, அதன் மேல் கோழி வலைக் கம்பி, அதன் மேல் மறுபூச்சு, மொத்தம் இரண்டு அங்குலச் சுவர். ஆவியில் மெழுகை இறக்கிவிட்டு அச்சைக் காய வைக்க வேண்டும். வேலூர் வெயிலால் இந்த வேலையில் ஒரே ஒரு லாபம் உண்டென்றால் இங்கேதான். அதுவும் நேர் வெயிலில் போட்டால் வெடிப்பு விழும், தகரக் கொட்டகை நிழலில் பத்து நாள். ஈரம் மிச்சமிருந்தால் சூளைக்குள் ஆவி கட்டி அச்சு பிளந்து, 850 டிகிரிக் கண்ணாடி சூளைத் தரையில் ஓடும். மிக அதிகமாக நடக்கும் விபத்து இதுதான், மிக எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுதான்.

கண்ணாடித் துண்டுகள் முழுவதும் அச்சுக்குள் அடங்காது. அச்சின் வாய்க்கு மேலே அடியில் ஓட்டை போட்ட மண் பூந்தொட்டியில் மீதியை அடுக்கி வைப்பார்கள், இளகி ஓட்டை வழியே சொட்டி இறங்கும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரியில் தொட்டிக்குக் குறைவில்லை. மெருகு பூசாத தொட்டியாகக் கேட்டு வாங்க வேண்டும், பூசினது கண்ணாடியோடு ஒட்டி நிறம் இறக்கும். ஏற்றும்போது 200 டிகிரி வரை மணிக்கு 50, அங்கே சில மணி நேரம் நிறுத்தம். 573 டிகிரி வாக்கில் சிலிக்காவின் படிகம் மாறி அச்சு சற்றே உப்பும், அந்த இடத்தை மெதுவாகத் தாண்ட வேண்டும். 830, 850இல் ஆறு முதல் பத்து மணி நேரம். அப்புறம் மேலே சொன்ன இறக்கம், தலை என்பதால் தடிமனை இரட்டிப்பாக நினைத்து.

இருக்கிற கண்ணாடியையே போடலாமே என்று சிலர் பாட்டிலையும் ஜன்னல் கண்ணாடியையும் கலந்து போடுகிறார்கள். கலக்கவே கூடாது. இரண்டும் விரியும் அளவு வேறு. எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் சந்திக்கும் இடத்தில் இழுபறி தங்கும், ஆற வைத்துத் தீர்க்க முடியாத பிளவு அது. ஒரே ஜன்னல் கண்ணாடியை மட்டும் போடலாம். ஆனால் அது கெட்டி, அச்சின் நுணுக்கத்தில் இறங்க 900க்கு மேல் வேண்டும், மங்கும் குணமும் அதிகம்.

கோடை மழை

வெளியில் வைப்பது பற்றி முன்கூட்டியே யோசிக்காதவர்கள்தான் அதிகம். மே மாத மத்தியானம் நிழலிலேயே 40, 42 டிகிரி. வெயிலில் நிற்கும் அடர்நிறக் கண்ணாடிக் கட்டியின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். நாலு மணிக்கு வானம் இருட்டி ஒரு மழை அடிக்கும். மேற்பரப்பு ஒரே நிமிடத்தில் 30 டிகிரி இறங்கினால், டிகிரிக்கு ஏறத்தாழ 0.8 மெகாபாஸ்கல் வீதம் 24 மெகாபாஸ்கல் இழுவிசை தோலில் ஏறும். நன்றாக ஆற வைத்த, கீறலில்லாத கண்ணாடி ஒருவேளை தாங்கும். உள்ளே மிச்ச இழுபறி இருந்தாலோ, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலோ அங்கிருந்து கிளம்பிவிடும். ஆகவே கட்டி வார்ப்புக்குக் கூரை வேண்டும், பெரிய கூரை. பாதி நிழல் பாதி வெயிலாக விழும் சின்னக் கூரை, கூரையில்லாததைவிட மோசம்.

உருண்டை வடிவம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டிக் கண்ணாடி உருண்டை சூரியனைத் தன் ஆரத்தில் பாதித் தூரத்துக்கு வெளியே குவிக்கும். ஒரு அடி விட்டம் என்றால் மூன்று அங்குலம் தள்ளி. அந்த இடத்தில் கல்யாணப் பந்தல் துணியோ காய்ந்த புல்லோ இருந்தால் மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

பீடத்துக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் என்று பளபளப்பு தேடுகிறார்கள். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் அலுமினியம் 23 பங்கு விரியும், சாதா இரும்பு 12, எஸ்எஸ் அதைவிடக் கூடுதல். கருங்கல் 8 வாக்கில், கண்ணாடியோடு ஒட்டிப்போகும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகளையும் குதிரைகளையும் வெட்டிய கை இருந்த ஊரில், கண்ணாடிக்குப் பொருத்தமான கல்லைத் தேடி எங்கே போவது? கல்லின் மேல்பக்கம் மட்டமாக இழைத்திருக்க வேண்டும், நடுவே ஐந்து மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பர். எப்பாக்ஸி போட்டு இறுக்கிவிடாமல் சிலிக்கான் பசையில் நிறுத்த வேண்டும். கழுவுவதற்கு நம் போர் தண்ணீர் ஆகாது. உப்புக் கறை படிந்து காய்ந்து காய்ந்து கண்ணாடியையே அரித்துவிடும். ஆர்ஓ தண்ணீர் ஒரு வாளி போதும்.

கடைத்தெருவில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தட்டுக் கண்ணாடியை அடுக்கி உயரமாகச் செய்யலாம்தான், சதுர மீட்டருக்கு 30 கிலோ. டஃபன் செய்தது, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றியது என்றால் அதற்கப்புறம் வெட்டவோ துளையிடவோ முடியாது, எல்லாத் துளையும் முதலிலேயே. அதற்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று மாட்டியிருந்தால் காரணமே இல்லாமல் ஒரு நாள் பொலபொலவென்று கொட்டும். ஹீட் சோக் சோதனை, அதாவது உடையக்கூடியது முன்கூட்டியே உடையட்டும் என்று சூட்டில் வைத்துப் பார்ப்பது, செய்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். தலைக்கு மேல் வருவது எதுவானாலும் நடுவே பிலிம் வைத்து ஒட்டிய லேமினேட்டாகத்தான் இருக்க வேண்டும். சிற்பமாகவும் இது நன்றாக இருக்கும். இதன் பெருமை வேறு ரகம், அவ்வளவுதான்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று சோற்றுக்குச் சொன்ன பழமொழியைச் சூளைக் கதவில் எழுதி ஒட்டலாம். கன்ட்ரோலர் 45 காட்டும்போது கை கதவுக்குப் போகும். வேலூரில் மே மாதம் அறையே 40 இருக்கும், ஆறிவிட்டது என்றுதான் தோன்றும். இரண்டு அங்குலப் பிளாஸ்டருக்கு உள்ளே இன்னும் 70 இருக்கலாம். இன்னும் இரண்டு நாள் கதவு மூடியே கிடக்கட்டும். அதற்கப்புறம் அச்சை மரச்சுத்தியால் வெளியிலிருந்து சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். தூசி அடங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெயர்த்தெடுத்த கட்டி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், சொரசொரப்பும் வெள்ளைப் பொடியுமாக. வைரப் பட்டை வைத்து இழைப்பதற்கு முன்னால், அதை எல்சிடி கம்ப்யூட்டர் திரையின் முன் வைத்து, திரையில் வெறும் வெள்ளையை ஓடவிட்டு, ஒரு துண்டு போலராய்டு பிலிமைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திரை கறுக்கும்வரை திருப்ப வேண்டும். சொரசொரப்புத் தோல் வழியே தெரியாவிட்டால் எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் தெரியும். கட்டியும் திரையோடு சேர்ந்து ஒரே சீராகக் கறுத்தால் இழைக்க ஆரம்பிக்கலாம். கழுத்துப் பக்கமோ மூலையிலோ வெள்ளையாக ஒரு பிறை மின்னினால் இழைப்பை ஒத்திப்போட்டு, மறுபடி சூளைக்குள், உலர்ந்த மணல் படுக்கை மேல், இறக்கிய அதே மெதுவில் ஏற்றி, 482இல் அட்டவணை சொல்லும் முழு நிறுத்தம்.